வண்டி வருகிறது

டீயில் பால் சற்று அதிகம். பரவாயில்லை மேடம், வீட்டிலும் அப்படித்தான் குடிப்பேன். வாக்குமூலம்தானே, எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தவர்களின் இணையப் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதினேன். ஆபத்தில் இருப்பவர்கள் உதவி கேட்கும் பெட்டி அது. செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதைத் பக்கத்துக்குள் தன்னைக் கொண்டுவந்த ஒற்றை வரிக் குறியில், அதாவது ஸ்கிரிப்ட் டேகிலேயே படித்துக்கொள்ளும். பக்கத்தில் அதுவரை வந்த டேகுகளில் கடைசியாக இருப்பதே தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். என் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம்.

அந்தப் பெட்டியைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த வில்லோ க்ரீக் ஊர்க் கவுன்சிலில் வேலை பார்க்கும் ஷோனா, கூட்டத்தில் எல்லோர் முன்பாகவும் கேட்டாள்: “என்னப்பா ரோரி, உன் பெட்டி நத்தை மாதிரி ஊருது? உங்க தாத்தா காலத்துச் சரக்கா?” சிரித்தார்கள். பக்கம் இதற்காகக் காத்திராமல் திறக்கட்டும் என்று என் டேகில் ஒரு சொல்லைச் சேர்த்தாள். அதனால் என் நிரல் தாமதமாக விழித்தது. அதற்குள் கடைசி இடத்தில், அதே பக்கத்திலிருந்த ஊர் வரைபடத்தின் டேக் வந்து உட்கார்ந்திருந்தது. அதில் முகவரி ஏது? முகவரி இல்லையென்றால் செய்தி, நான் சோதித்துப் பார்க்க வைத்திருந்த என் சொந்த அஞ்சல் பெட்டிக்கு வரும். அங்கிருந்து, மாதிரிக்காக நான் எழுதிவைத்த பதில் தானாகப் போகும்: ‘கிடைத்தது. வண்டி வருகிறது. வீட்டிலேயே இருங்கள்.’

ஷோனா அனுப்பிப் பார்த்த செய்தி என்னிடம் வந்தபோதே புரிந்துவிட்டது. அந்தப் பதிலைப் பார்த்து எல்லாம் சரி என்று அவள் நம்பிவிட்டாள். அவளுக்குப் பட்டால்தான் தெரியும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஜனவரியில், எங்கள் ஊர்க் கோடையில், சுடும் வடக்குக் காற்று அடித்த அன்று, காட்டுத்தீ மலைமுகட்டைத் தாண்டியது. ஈனிட் காரிகன் என்ற மூதாட்டி எழுதினார்: “எனக்குக் கார் இல்லப்பா. நானும் நாயும்தான். யாராச்சும் வர்றீங்களா?” தானியங்கிப் பதில் போனது.

தீயணைப்பு நிலையத்தை அழைத்திருக்கலாம். செய்தி உனக்கு ஏன் வந்தது என்று கேட்பார்களே. முதலில் பிழையைத் திருத்த உட்கார்ந்தேன். டேகைக் கடைசி என்று பார்க்காமல் பெயரை வைத்துத் தேட வேண்டும், அவ்வளவுதான். பாதியில், புதுச் செய்தி வந்ததென்று என் அஞ்சல் பெட்டி மணி அடித்தது.

“வண்டி எங்க வருதுப்பா? புகை வாசல் வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்து வீட்டு ஜிம் ஹார்ன் அடிக்கிறான், அவன்கூடக் கிளம்பிடட்டுமா?”

அந்த மணியை அன்றைக்கே நிறுத்திவிட்டேன், மேடம். இன்னும் அடிக்கிறது. குளிக்கும்போது கேட்கிறது. இப்போது, நீங்கள் பேனாவைக் கீழே வைத்தபோதுகூடக் கேட்டது. பயமாக இருக்கிறது.

தானியங்கிப் பதில் ஒருவருக்கு ஒரு முறைதான் போகும். போங்கள் என்று சொன்னால், வண்டி பொய் என்று ஜிம்முக்கும் தெரிந்துவிடும். அதனால் இரண்டாவது பதிலை நானே அடித்தேன்: ‘வேண்டாம் அம்மா, இருங்கள். வண்டி பக்கத்தில் வந்துவிட்டது.’

“நல்லாயிருப்பா” என்று எழுதினார். ஜிம் போய்விட்டான். நான் திருத்தி முடித்தேன்.

ஷோனா மட்டும் அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் இருந்திருந்தால், அந்த அம்மா இன்று உயிரோடு இருந்திருப்பார்.