ஆள் ஒன்று குறைகிறது

மணி ஏழேகால். பிரான்ஸின் வடகோடியில், டன்கிர்க் துறைமுகக் கிடங்குகளை ஒட்டிப் போகிற தெரு. பிப்ரவரி மாத இருட்டு... ஆள் அரவமே கிடையாது. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதி எலொதியின் புருஷன் ரெமிக்கு நடந்தது. அவனே என்னிடம் சொன்னது. அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ரெமி கடலே இல்லாத லியோன் ஊர்க்காரன். கல்யாணமான பிறகு முதல் தடவையாகக் கார்னிவல் திருவிழாவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். எலொதியின் அண்ணன் யோரிஸ் அவனுக்குப் பழைய பாவாடை ஒன்றை மாட்டி, உதட்டில் சாயம் பூசி, தலையில் பூத்தொப்பியைக் கவிழ்த்தான். தானும் அதே கோலம். கார்னிவல் அன்று அந்த ஊர் ஆண்கள் பெண் வேஷம் கட்டுவது வழக்கம்.

"இந்த அழகுக்கு உனக்கே ஒரு மாப்பிள்ளை பாக்கணும், மாப்ள!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

ஐந்து மணிக்கு நகர மன்றத்து மாடியிலிருந்து புகை போட்ட மீன்களைக் கூட்டத்தில் வீசினார்கள். ரெமி தாவி ஒன்றைப் பிடித்துவிட்டான். சின்னப் பிள்ளைபோலக் குதித்தான். அப்புறம் மேளம் எகிறியது. தோளோடு தோள் கோத்து வரிசை வரிசையாக முட்டித் தள்ளுகிற கூட்டம்... அந்த நெரிசலில் யோரிஸின் கை நழுவிப் போனது. அவனைத் தேடிக்கொண்டே நடந்த ரெமி கிடங்குத் தெருவுக்கு வந்துவிட்டான்.

மேளம் தேய்ந்தது... நின்றது.

வெங்காய சூப் வாசனை. ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"கார்னிவல் அன்னைக்கு எந்தக் கதவு தெறந்திருந்தாலும் உள்ள போ. சூப் ஊத்துவாங்க," என்று யோரிஸ் காலையில் சொல்லியிருந்தான். போனான்.

நீள மேசை. பாவாடையும் பூத்தொப்பியுமாகப் பதினோரு ஆண்கள். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும்... டொக்... டொக். அதற்கு நடுவே இன்னொரு சத்தம். பாவாடை நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழையே இல்லை.

மேசையின் அந்தக் கோடியில் இருந்த கிழவர் காலி நாற்காலியைக் காட்டினார். ரெமி உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான்... வெறும் கடல் தண்ணீர். தார் வாடை.

"ஐஸ்லாந்துக்குக் கப்பல் கெளம்புது. மீன் பிடிக்க ஆள் ஒண்ணு குறையுது," என்றார் கிழவர். "பேரச் சொல்லு."

கார்னிவல் முடிந்ததும் கிளம்பி, ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிற அந்தக் கப்பல்கள் எப்போதோ நின்றுபோனவை என்பது வெளியூர்க்காரனுக்கே தெரியும். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கணுக்காலில் ஜில்லென்றது. தரையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயா, நான் வெளியூரு. கடல்ல கால் நனைச்சதுகூட இல்ல."

"அப்ப நனைச்சவன் ஒருத்தன் பேரச் சொல்லு."

தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"யோரிஸ்... என் மச்சான்."

பதினோரு கரண்டிகளும் ஒரே சமயத்தில் நின்றன.

எப்படி ஓடினான் என்று அவனுக்கே நினைவில்லை. நகர மன்றத்துச் சதுக்கத்தில் யோரிஸ் உயிரோடு, சிரித்துக்கொண்டு நின்றான்.

"எங்க போய்த் தொலஞ்ச மாப்ள? பாவாடையெல்லாம் ஈரம்! பயத்துல போயிட்டியா?"

ரெமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தான். அப்போது துறைமுகப் பக்கமிருந்து ஒரு குரல்.

"யோரிஸ்!"

"யார்ரா அது? தோ வரேன்!"

ரெமி கையை விடவில்லை. மறுபடியும் குரல். இந்தத் தடவை கிட்டத்தில். தார் வாடை குப்பென்று அடித்தது. இவன் போகாவிட்டால் அந்த நாற்காலிக்கு யார்?

ரெமி விரல்களைத் தளர்த்தினான்.

யோரிஸ் வீடு திரும்பவில்லை. போலீஸ் தேடியது, கடலில் முங்கித் தேடினார்கள், மூன்று வாரம். குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்று எழுதி மூடினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, மணலில் ஒதுங்கிக் கிடந்தான். கழுத்தை மறைக்கிற தாடி. உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன தழும்பு. பிணத்தைச் சோதித்த டாக்டர் நம்பாமல் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாராம்...

உயிர் போய் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.