இழுத்துப் பிடித்த மூச்சு

ராத்திரி பதினொன்றரை. திருநின்றவூர் ஏரிக்கரை ரோடு. விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரியாது. ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு நாய்கூட இல்லை... உலகநாதனின் குட்டியானை லோடு வண்டி மட்டும் தடதடவென்று போகிறது.

கிட்ட வந்து உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை. உலகநாதன் வேறு யாருமில்லை, நம் விஷ்ணுவின் மாமா மகன். விஷ்ணு, கோபித்துக்கொள்ளாதே. உன் சொந்தம்தான். ஆனாலும் பிணத்தின் நெற்றிக் காசைப் பிடுங்குகிற ஜென்மம் அது.

வண்டியில் இருந்தவை எக்ஸ்ரே படங்கள். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அதை எப்போதோ மூடிவிட்டார்கள், நூலகம் மட்டும் மிச்சம். பழைய வைத்தியப் புத்தகங்களோடு, அங்கே படுத்துக் கிடந்து செத்தவர்களின் நெஞ்சுப் படங்களும் அலமாரி அலமாரியாக இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பித் தர வேண்டும், அதுதான் உலகநாதன் எடுத்த காண்டிராக்ட். கொடுத்த நூலகத்துக்காரர்கள் படித்த பெரிய மனிதர்கள்! குறைந்த ரேட் என்றதும் பல்லை இளித்தார்களே தவிர, ஆள் எப்படி என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

எக்ஸ்ரே படத்தில் வெள்ளி இருக்கிறது, தெரியுமா? காஸ்டிக் சோடா போட்ட கொதிநீரில் முக்கினால் கறுப்பெல்லாம் உரிந்து அடியில் தங்கும். அதைக் காய்ச்சினால் வெள்ளி. கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடித்தாள். உலகநாதனுக்குக் குவைத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை வந்திருந்தது, ஏஜெண்டுக்குக் கொடுக்கத்தான் பணம் இல்லை. படமெல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது ஐயாவின் திட்டம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்!

பட்டரைவாக்கத்து ஷெட்டில் டிரம் கொதித்தது. படக் கட்டைப் பிரித்ததும் புளித்த காடி வாடை குப்பென்று அடித்தது. கூட வேலைக்கு வந்த கிஷோர் தயங்கினான்.

"அண்ணாத்தே... எல்லாம் செத்துப் போனவங்க நெஞ்சு. வாணாம்ணே."

"எவன் நெஞ்சா இருந்தா இன்னாடா? அதுல வெள்ளி கீதான்னு பாரு."

முதல் படத்தை முக்கினான். கறுப்பு உரிந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் யாரோ... "ஹா..." என்று மூச்சு விட்டார்கள்.

அடுத்த படம். "ஹா..." இது பெண் குரல். அடுத்தது ஒரு சின்னக் குழந்தையுடையது.

எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன சொல்வார்கள்? மூச்சை இழுத்துப் பிடி என்பார்கள். அப்படிப் பிடித்த மூச்சோடு பதிந்தவர்கள்தான் அத்தனை பேரும். கிஷோருக்கு அது உறைத்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். உலகநாதன் சிரித்தான். மானம் இருந்தால்தானே பயம் இருக்கும்? விடிய விடிய மிச்சத்தையும் தானே கழுவினான்.

வெள்ளியை விற்று ஏஜெண்டுக்குக் கட்டியாயிற்று. விசாவுக்கு மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. சட்டையைக் கழற்றி நெஞ்சை எக்ஸ்ரே பலகையில் ஒட்டி நின்றான்.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க சார்... அசையாதீங்க... ம், விடுங்க."

படத்தில் ஒன்றுமே இல்லை. எலும்பு இல்லை, நிழல் இல்லை, வெறும் கண்ணாடித்தாள். மறுபடி எடுத்தார்கள், அதுவும் அப்படியே. அவனுக்கு அடுத்து நின்றவனுக்குப் படம் நன்றாகத்தான் வந்தது. நெஞ்சே இல்லாதவனை எவன் குவைத்துக்கு அனுப்புவான்? போச்சு வேலை.

அன்று ராத்திரி அவன் மனைவி சரசா விழித்துப் பார்க்கிறாள்... தூக்கத்தில் அவன் நெஞ்சு உப்பி அப்படியே நிற்கிறது. முகம் கறுத்துக்கொண்டு வருகிறது. உலுக்கினாள், தண்ணீரை ஊற்றினாள், அசையவில்லை. கடைசியில் அலறினாள்: "வுடுய்யா மூச்ச!"

"ஹா..." என்று விட்டான். அடுத்த மூச்சை இழுத்தான்... மறுபடி நின்றது.

அன்றிலிருந்து அவன் தூங்கினால் ஒவ்வொரு மூச்சுக்கும் யாராவது 'வுடு' சொல்ல வேண்டும். எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. அப்போதாவது திமிர் அடங்கியதா? பகலெல்லாம் மெடிக்கல் சென்டர்மேல் கேஸ் போடுவேன் என்று குதிப்பான். ராத்திரியானால் குறட்டைக்குப் பதில் இது. பாவம் சரசா, தலைமாட்டில் உட்கார்ந்து, "வுடு... வுடு..." என்று விடிகிறவரை சொல்வாள்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குக் கண் சொருகிவிட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. திடுக்கிட்டு விழித்தாள். அவன் நெஞ்சில் கை வைத்தாள், உப்பியபடியே சில்லிட்டுக் கிடந்தது. இருட்டில், காதுக்கு வெகு பக்கத்தில், யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்...

அது உலகநாதன் இல்லை.