பூட்டாத கதவு

— பின் அறை ஜன்னல் பலகை எல்லாம் ஆணி அடிச்சாச்சு, ஓட்மார். இனி கரடி முட்டினாலும் அசையாது. காபி இருக்கா?

— தப்பா நினைக்காதீங்க ராக்னில்ட், ஊத்தறப்போ பாதி கொட்டிட்டேன்.

— மீதியைக் குடுங்க. பாருங்க, வெள்ளைக்கரடியைப் பார்க்கத்தானே ஓஸ்லோவுலேர்ந்து எங்க ஸ்வால்பார்டு தீவுக்கு வந்தீங்க?

— கப்பல் மேலேர்ந்து, தூரத்துல பார்க்கலாம்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க.

— அந்த விளம்பரத்தை அதுகிட்ட யாரும் காட்டலை போல.

— சிரிக்காதீங்க. உங்க தம்பி படகு எடுக்கப் போய் எவ்வளவு நேரமாச்சு?

— அரைமணியில வரேன்னான் டெரியே. ஒரு மணிக்கு மேல ஆச்சு.

— துப்பாக்கியை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரே.

— வந்தவங்க இருக்கற இடத்துலதான் துப்பாக்கி இருக்கணும். அது எங்க வழக்கம். கரடியை மிரட்ட வாணம் விடற சின்னத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனான்.

— வயர்லெஸ்ல கூப்பிடுங்களேன்.

— மூணு தடவை கூப்பிட்டேன். பதில் இல்ல. இந்தப் பனிமூட்டத்துல கரடி பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது.

— ஐயோ.

— ஆனா பாருங்க, கரடி துரத்தினாலும் இந்தக் குடிசைக்குத்தான் ஓடி வருவான். அதுக்காகத்தான் இங்க யாரும் கதவைப் பூட்டறதில்ல. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றவன் வாசல்ல நிக்கக் கூடாது.

— கரடியும் உள்ள வந்துடாதா?

— கதவு வெளிப்பக்கமாத் திறக்கும். கரடி தள்ளும், இழுக்காது. இருங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்.

— வேண்டாம், போகாதீங்க.

— என்னது இது? கைப்பிடியில கயிறு. கட்டில் காலோட சேர்த்துக் கட்டியிருக்கு.

— தப்பா நினைக்காதீங்க. நான்தான் கட்டினேன். நீங்க பின் அறைக்கு ஆணி அடிக்கப் போனதும்.

— கதவைப் பூட்டக் கூடாதுன்னு வந்தப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— நீங்க ஆணி அடிச்சுக்கிட்டே இருந்தீங்க. அப்போ கதவு ஆட ஆரம்பிச்சுது. வெளியேர்ந்து இழுக்கற மாதிரி.

— இழுக்கற மாதிரியா?

— கரடின்னு நினைச்சு ரெண்டு கையாலயும் கயிறைப் பிடிச்சுக்கிட்டேன்.

— கரடி இழுக்காதுய்யா. கத்தியைக் குடுங்க. கயிறை அறுக்கணும். வேற என்ன கேட்டுச்சு? சொல்லுங்க.

— தட்டுச்சு. நான் கயிறை விடல. தப்பா நினைக்காதீங்க ராக்னில்ட்… கடைசியா ஒரு தடவை 'அக்கா'ன்னுச்சு.