பேசியவர் கையால்தான் தட்டுக்குப் போக வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை நூலகர் அவர்களே, உளவியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, மேடையில் இடம் போதாமல் கீழே அமர்ந்திருக்கும் மற்றப் பெருமக்களே, இந்த வாசிப்பு அறையில் முதல் முறையாக ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுத் திகைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் என் அக்காவே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த ஆய்வேடுப் பிரிவுப் பொறுப்பாளருக்கு நான் தாய்மாமன். மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு எனக்கு விடை கொடுத்துவிட்டது. அதற்கு மேல் என்னைத் தாங்கும் வசதி அங்கே இல்லை. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறேன். மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கதைக்கு வருகிறேன்.

நீங்கள் அவளை ‘உஷ் மேடம்’ என்று அழைத்தீர்கள். சரியான பெயர். அவள் உதட்டில் விரல் வைத்தால் மின்விசிறிகூடத் தன் சத்தத்தை அடக்கிக்கொள்ளும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். அப்போது மின்சாரம் போயிருந்தது என்று சிலர் சொல்வார்கள். அவர்களை விடுங்கள்.

அந்த அமைதிக்காரி என்ன செய்தாள் தெரியுமா? முதுகலை உளவியல் படிக்கும் பிள்ளைகள் மனிதர்களைத் தேடிப் போய்ப் பேசவைத்து, பேசியதை எழுதி, ஆராய்ந்து, அட்டை போட்டு இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். வேறு நூலகமாக இருந்தால் முத்திரை குத்திப் புத்தகத் தட்டில் செருகிவிடுவார்கள். இவள் செருகவில்லை. ஜன்னலோரம் இருக்கிறதே, அந்த மேசையில் வைப்பாள். அதில் பேசியவர்களில் ஒருவருக்குச் சொல்லி அனுப்புவாள். அவர் வந்து தன் கையால் தட்டில் வைத்தால்தான் ஆய்வேடு நூலகத்தில் சேர்ந்ததாகக் கணக்கு. எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? எந்தச் சட்டத்திலும் இல்லை. அவள் வைத்ததுதான் சட்டம்.

இன்று அந்த மேசையில் ஒரே ஓர் ஆய்வேடு தனியாகக் கிடக்கிறது. அதை யார் தட்டில் வைப்பது? அதைப் பேசத்தான் நான் எழுந்தேன்.

அதற்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு மறுபடி ஸ்டியரிங் பிடித்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு. அந்த மனிதர் இங்கே வந்து ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல் நின்றார். இவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் கேட்டார்: “மேல் தட்டாம்மா, கீழ் தட்டா?”

“உங்க கைக்கு எட்டுற தட்டுல வைங்கண்ணே. திரும்ப வந்து பாக்கணும்னு தோணினா குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம்.”

வைத்தார். அட்டையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிச் சரிசெய்துவிட்டுப் போனார். நான் அப்போது பக்கத்தில் முக்காலி மீது இருந்தேன். அந்த முக்காலி நான் செய்து கொடுத்தது. உலகத் தரம். ஒரு கால் மட்டும் லேசாக ஆடும்.

இப்போது என் கதை. ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மனிதன் அதை எப்படி மாற்றுகிறான் என்று ஒரு மாணவர் ஆராய வந்தார். என் மருமகள் உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள்: “மாமா, உங்களுக்குன்னே ஓர் ஆராய்ச்சி வந்திருக்கு.” போனேன். வெள்ளத்தில் நான் ஓர் ஆட்டைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது அது பசுவாகியிருந்தது. அதற்கடுத்த முறை பசுவோடு அதன் சொந்தக்காரரையும் கரை சேர்த்தேன். எல்லாம் அச்சாகி வந்தது. என்னையே கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். திறந்து பார்த்தால் ‘பங்கேற்பாளர் ஏழு’ என்று போட்டிருக்கிறது.

“ஏம்மா, என் பேரைக் காணோமே?”

“ரகசியம் காக்கணும் மாமா. கவலைப்படாதீங்க, படிக்கிற யாருக்கும் நீங்கதான்னு தெரிஞ்சிடும்.”

அன்றுதான் அந்த அறையை நான் ஒழுங்காகப் பார்த்தேன். தட்டு தட்டாக அட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓட்டுநர், செவிலியர், காவலாளி, தூங்காதவர், அழ முடியாதவர் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே ஒரு சத்தம் இல்லை. கடலைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி வாய் அடைத்ததில்லை. நான் வாய் அடைத்து நின்றதைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள். “மாமா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள்.

பெரியோர்களே, ஜன்னல் மேசைக்கு வருகிறேன். அமைதியாக வேலை செய்கிறவர்களின் மனத்துக்குள் என்ன கேட்கிறது என்று ஓர் ஆய்வு. எழுதிய மாணவி அதோ தூண் ஓரம் நிற்கிறாள். பேசியவர்களில் ஒருத்தி என் மருமகள். அவளைத்தான் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள் அந்தப் பெண். வைப்பதற்குள் என் மருமகள் போய்விட்டாள்.

ஆய்வேடு நூலகத்தில் சேராவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பட்டம் இல்லை. தலைமை நூலகர் தானே வைப்பதாகச் சொன்னார். “மேடம் வெச்ச வழக்கத்தை மேடம் பேசின ஆய்வேட்டுலயே மீறச் சொல்றீங்களா சார்?” என்று அந்த மாணவி கேட்டுவிட்டாள். சரி, ஏழாம் எண்காரன் நான் இருக்கிறேனே என்று போய் நின்றேன். “நீங்க வேற புத்தகம் மாமா” என்றாள். அதில் பேசிய மற்றவர்களும், மேடம் வைக்க வேண்டியதை நாங்கள் வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அப்புறம் அவளை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய், என் மருமகள் பேசிய பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை.

“யாருமே இல்லாதப்ப எனக்குக் கேக்கிறது எங்க அம்மா பாத்திரம் உருட்டுற சத்தம்தான். அம்மாவுக்கு மெதுவா எதையும் வைக்கத் தெரியாது. வீட்ல இருந்தா எரிச்சலா இருக்கும். நான் ‘உஷ்’னு சொல்லப் பழகினதே அவங்ககிட்டத்தான். இங்க உக்காந்திருக்கும்போது மட்டும் அந்தச் சத்தம் வேணும்னு இருக்கும். அது கேட்டாத்தான் வேலை ஓடும்.”

அவள் போன நாளிலிருந்து அக்கா வீட்டில் ஒரு கரண்டிச் சத்தம் கிடையாது. எல்லாவற்றையும் துணி விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஒரு குடம் உருண்டது. அந்த மாணவி என் முகத்தைப் பார்த்தாள். “இந்தச் சத்தம்தான் மாமா, புத்தகத்துல இருக்கு” என்றாள்.

அப்புறம் என்ன கேள்வி? பேசியவள் இல்லை. அவள் பேச்சுக்குள் இருந்தவள் இதோ இருக்கிறாள்.

இனி வரும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் பேசியவர்களை இந்த நூலகம் அழைக்கும் என்று தலைமை நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வர வண்டி இல்லாதவர்களைக் கடையைச் சாத்திவிட்டு நானே ஏற்றி வருவேன். இது ஆட்டுக் கதை அல்ல, சபை சாட்சி.

அக்கா, எழுந்து வா. அந்தப் பெண் மேசையிலிருந்து எடுத்து வருகிறாள், வாங்கிக்கொள். உன் கைக்கு எட்டுற தட்டாப் பாரு. எட்டலைன்னா முக்காலி இருக்கு. ஆடும், நான் பிடிச்சுக்கிறேன். மெதுவா வைக்கணும்னு பாக்காதே. டமால்னு வை. இன்னிக்கு இங்க யாரும் உஷ் சொல்ல மாட்டாங்க.