கடைசித் துடிப்பு போய்ச் சேரும்வரை

சிட்டு! பார்த்தாயா, உன் அம்மாவின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்!

தலைமை தாங்கும் பெரிய டாக்டர் அவர்களே, என் மகளோடு தோளுரசி வேலை பார்த்த பிள்ளைகளே, ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பிமார்களே, பெற்றெடுத்துப் பெருமை கண்ட தாய்மார்களே, அத்தனை பேருக்கும் என் கைகூப்பு.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். பேச வந்திருப்பதோ ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி! சிரிக்காதீர்கள். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து என் மகள் சொல்லிக்கொடுத்தது.

ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரின் இதயத்துடிப்பு, கோடாக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அனுப்பி முடித்ததும் புரோகிராம் இணைப்பின் வாயை மூட வேண்டும். அந்த வாயைத்தான் சாக்கெட் என்பார்கள். பழைய புரோகிராமும் மூடியது. எப்படி மூடியது? போகாமல் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டு மூடியது! வாலறுந்த கோட்டை வைத்து டாக்டர் எதைப் பார்ப்பார்? யாரைக் காப்பார்?

"ஏண்டி அப்படி?" என்றேன்.

"சட்டுனு மூடணும்னு காத்திருப்பைப் பூஜ்யமா வெச்சுட்டாங்கம்மா. கடைசி ஆள் கால் தரையில படுறதுக்குள்ள விசில் ஊதுற கண்டக்டர் மாதிரி."

"அவன் காதைத் திருகு!"

"அவர்தாம்மா என் மேனேஜர்!"

அதோ, மேனேஜர் ஐயாவே சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. வேகம் குறையும் என்று அன்று நீங்கள் சொன்னபோது அவள் அஞ்சினாளா? அசைந்தாளா? கடைசித் துடிப்பு வந்து சேர்ந்தது என்று அந்தப் பக்கம் சொல்லும்வரை நில், பிறகு மூடு என்று எழுதிவைத்தாள்!

"அந்தப் பக்கம் வாயே திறக்கலைன்னா?" என்று அவளிடம் கேட்டேன்.

"அதுக்குத்தான் இத்தனை நொடின்னு வெச்சிருக்கேன். அது தீர்ந்தா மூடிட்டு மறுபடி அனுப்பும். காலம் பூரா வாசலைப் பார்த்துட்டு நிக்க முடியுமா?"

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் இன்று இந்த ஊரின் எல்லா ஆம்புலன்ஸிலும் அவள் எழுதியது ஓடப்போகிறது. ஓடட்டும்! ஒரு துடிப்பும் சிந்தாமல் ஓடட்டும்!

மேனேஜர் ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள்தான் இல்லையே என்று அந்த இடத்தில் மறுபடி பூஜ்யத்தைப் போட்டுவிடாதீர்கள்.

என்ன? உரக்கச் சொல்லுங்கள்.

"போட மாட்டோம்மா!"

கேட்டதா சபையோரே? நீங்கள்தான் சாட்சி. கைதட்டுங்கள், என் மகளுக்குக் கேட்கட்டும்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.

சிட்டு, மெஷினுக்கு இத்தனை நொடின்னு வெச்சியே, அம்மா உனக்காக வாசலைப் பார்த்துட்டு நிக்க எவ்வளவுடி வெச்சிருக்கே?