காருக்குள் ஒளிந்திருந்த கடார்கா

என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மடியில் மணியை வைத்திருக்கும், திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவி ஹெர்மினா அம்மையார் அவர்களே! டோல்னா மலைச்சரிவில் மண்ணோடு மல்லுக்கட்டியும் மாண்பு குன்றாத பெரியோர்களே! விடிந்ததிலிருந்து முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து கை சிவந்த தாய்மார்களே! டான்யூப் ஆற்றைத் தாண்டிக் கொப்பரையும் கையுமாக வந்திருக்கும் பயா நகரத்து அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எதெல்காவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

இந்த அறுவடைத் திருநாளில் நான் பேச வந்தது நம் கடார்கா ஒயினைப் பற்றி. எது கடார்கா? கருத்துக் கனத்து நாக்கைப் பிடித்து இழுப்பதா? இல்லை! புளிப்புச் செர்ரியின் துடுக்கும் மிளகின் மிடுக்கும் சேர்ந்த வெளிர்சிவப்பு அல்லவா அது! அந்த நிறத்துக்காக நாம் பட்ட வெட்கம் கொஞ்சமா? விருந்தாளி வருகிறார் என்றால் கருஞ்சிவப்பு ஒயினை அதில் கலந்து, எங்களுடையதும் கெட்டிதான் என்று காட்டவில்லையா? நான் கலந்தேன். யாரங்கே சிரிப்பது? தெஜோ மாமாவா? உங்கள் பீப்பாயைப் பற்றி நான் வாயைத் திறக்கட்டுமா?... சரி, சிரிப்பு நின்றுவிட்டது.

போன வருடம் மார்ச் மாதம். எங்கள் கடார்காக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிடுவது என்று என் கணவர் வெண்டெல் முன்பே முடிவு செய்திருந்தார். மெல்லிய தோல், இரண்டு நாள் மழைக்கே கொத்துக் கொத்தாய் அழுகும், வடித்ததையும் வாங்க ஆளில்லை. திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. சனிக்கிழமை, பயாவில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் ரோகுஷ் எங்களை மதிய விருந்துக்கு அழைத்திருந்தார். அவர் கடைக்கு ஒயின் தேடிக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டினால் கொடி பிழைக்கும். இல்லையென்றால் இல்லை.

நான் என்ன செய்தேன்? நான்கு பீப்பாய்களில் மூன்றில் கருஞ்சிவப்பைக் கலந்தேன். நான்காவதற்குக் கலக்கச் சரக்கு போதவில்லை. கலந்ததைப் புட்டியில் அடைத்து எடுத்துப் போனேன்.

கெண்டை மீன் குழம்பு கொதிக்கிறது. கரண்டி போட்டால் மீன் உடையுமே! ரோகுஷ் கொப்பரையின் பிடியைப் பற்றி ஆட்டுகிறார். குழம்பு கிண்ணத்துக்கு வருகிறது. ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் என் ஒயின். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது எங் கொழம்போட சண்டைக்கு நிக்குது. காரம் தொண்டையில தீயா எரியுது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்போது என் கணவர் எழுந்து காருக்குப் போனார். அங்கேயே வாழ்க்கைப்பட்டிருக்கும் தன் தங்கைக்காக, நான்காவது பீப்பாயிலிருந்து ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். அவர் கேட்டாரா?

“எப்படியும் திங்கக்கெழம புடுங்கத்தானே போறோம்? இதையும் குடிச்சுப் பாத்துரட்டும்” என்றார்.

வெளிறிய கடார்கா! கலப்பில்லாத கடார்கா! ரோகுஷ் குடித்தார். குழம்பு குடித்தார். மறுபடி குடித்தார். எங்களைக் கேளாமலே கேனை எடுத்துத் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டார்.

“இத எதுக்குக்கா காருக்குள்ள ஒளிச்சு வச்சீங்க? இருக்கறது பூராவும் எனக்கு. வர்ற வருசத்துதும் எனக்கு. எதையும் கலந்துராதீங்க.”

அம்மாடி! போன உயிர் திரும்பி வந்தது! மீனுக்கு வெள்ளை ஒயின்தானே, சிவப்பா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். காரத்தை அடக்கியது எது? கருப்பா? கனமா? நாம் வெட்கப்பட்டு ஒளித்த அந்த மென்மை அல்லவா!

வெண்டெல் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். “திங்கக்கெழம வர வேண்டாம்பா. கொடி இருக்கட்டும்” என்றார். பிறகு உட்கார்ந்து மூன்று கிண்ணம் குழம்பு குடித்தார்.

ஜனவரியில் வின்செ திருநாளன்று கொடியில் குச்சி வெட்டி வந்து, துளிர்த்தால் அந்த வருடம் விளைச்சல் நிச்சயம் என்று தண்ணீரில் வைத்துப் பார்ப்போமே, போன வருடம் அவர் வெட்டவில்லை. பிடுங்கப் போகும் கொடிக்குக் குறி எதற்கு என்று இருந்துவிட்டார். இந்த வருடம் நான் எழுந்து பார்த்தபோது, சன்னலோரம் ஏழு குச்சிகள் தண்ணீரில் நின்றன. ஏழும் துளிர்த்தன.

இதோ, ஹெர்மினா அம்மையார் மணியை எடுத்துவிட்டார்! பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், குழம்போடு வந்த ரோகுஷ் தம்பிக்கும் என் நன்றி. கோப்பையை உயர்த்துங்கள். உங்கள் கையில் இருப்பது அந்த வெளிர்சிவப்புதான். ஒரு சொட்டும் கலக்கவில்லை. வாழ்க நலமுடன்!