நான்கு சந்தனப் பொட்டு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை. போலீஸ் ஸ்டேஷன் டீயில் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை என்பது எனக்கே தெரியும்.

டயரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆல் சீசன் டயர் நல்ல டயர். மாம்பழச்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றே போதும், சத்தம் குறைவு, சீக்கிரம் தேயாது. வேகமான காரில் போட்டால் மட்டும், ஸ்டீயரிங் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்கும். தினம் ஆபீஸ் போய் வருகிறவருக்கு அதுவே தாராளம். டயரின் பக்கவாட்டில் மலையும் பனியும் படம்கூடப் போட்டிருக்கும். காட்டூரில் எப்போது பனி கொட்டியது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ரஞ்சித்தும் கேட்கவில்லை. பாங்க் அதிகாரி. வீடு காட்டூரில், வேலை ஸ்ரீரங்கத்தில். சிவப்புக் கார், பின்னால் இரண்டு சைலன்சர். இருநூறில் பறக்கத் தெரிந்த வண்டி தினமும் காவிரிப் பாலத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கும். புரட்டாசியில் மனைவி வேணியுடன் கடைக்கு வந்தார். கையில் போன்.

"அண்ணே, ஆன்லைன்ல இதே டயர் என்ன விலை தெரியுமா?"

"தெரியும் தம்பி. ஆன்லைன் வந்து மாட்டிக் குடுக்குமா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. அந்த விலைக்கே குடுங்க. மாட்டுறது, பேலன்சிங் எல்லாம் உங்க கணக்கு."

வேணி சிரித்துவிட்டார். "விடுங்களேன். பாவம் அவரு."

நான் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் மகன், மேடம். பேரத்தில் தோற்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பாவம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கேட்ட விலைக்கே தருகிறேன் என்றேன். அவர் கேட்டது விலையைத்தான். எந்த வருடத்து டயர் என்று கேட்கவில்லை.

எல்லா டயரிலும் நான்கு எண் சேர்ந்தாற்போல் இருக்கும். முன்னிரண்டு தயாரித்த வாரம், பின்னிரண்டு வருடம். என் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் கிடந்த நான்கிலும் 3415 என்று இருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து. தகரத்துக்கு அடியில் ஒன்பது கோடையைக் கழித்த ரப்பர். பாலிஷ் போட்டால் கல்யாண மாப்பிள்ளை, தட்டினால் கொட்டாங்குச்சி. பழைய டயர் எடுக்கிறவரே வேண்டாமென்று விட்டுப் போனது.

எண் தெரியாதபடி டயரை உள்பக்கம் திருப்பி மாட்டியிருக்கலாமே என்கிறீர்கள். இந்த ரக டயரில் 'வெளிப்பக்கம்' என்று எழுதியே இருக்கும். படித்த மனிதர், கண்டுபிடித்துவிடுவார். அதனால் புது டயருக்கு எல்லாக் கடையிலும் செய்வதையே நானும் செய்தேன். சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம், அடியில் எலுமிச்சம்பழம். பொட்டை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை.

"அண்ணே, டேட்டு எங்க போட்டிருக்கு?" என்று ரஞ்சித் குனிந்தார். யூடியூபில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கும். விரல் பொட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது.

"ஏங்க, சாமி பொட்டு. அழிச்சிடாதீங்க," என்றார் வேணி.

நான் கற்பூரம் ஏற்றினேன். "கும்பிட்டுக்கங்க தம்பி. மெதுவாப் பாத்துக்கலாம்."

கும்பிட்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. இதில் நான் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனியுங்கள். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நான் பொய் சொன்னதே கிடையாது.

சில வாரம் கழித்துக் காற்றுப் பார்க்க வந்தார். மழை பிடித்திருந்தது.

"தினம் ஷாம்பு போட்டுக் கழுவுறேண்ணே. மழையிலயும் ஓட்டுறேன். பொட்டு மட்டும் அப்படியே இருக்கு. உங்க கை ராசி."

ஞாயிற்றுக்கிழமை வேணியைப் பச்சைமலைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். அந்தப் பாதையின் வளைவுகள் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். மனிதர் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். "ரங்கநாதர் பாத்துக்குவார், போயிட்டு வாங்க" என்று, காற்றுக்குக் காசு வாங்காமல் அனுப்பிவைத்தேன்.

திரும்பி வரும்போது, உப்பிலியபுரம் பக்கத்து இறக்கத்தில், நல்ல தூறலில் ரஞ்சித் பிரேக்கை மிதித்திருக்கிறார். கார் நேராகப் போயிருக்கிறது. பாதை நேராகப் போகவில்லை. ரஞ்சித் அந்த இடத்திலேயே போய்விட்டார். வேணி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் அவரைத்தான் கேட்டாராம். பேப்பரில் படித்தேன்.

உங்கள் ஏட்டு பிச்சை, பள்ளத்தில் கிடந்த சக்கரத்தைப் பார்த்து, "இவ்வளவு நடந்தும் பொட்டு கலையல பாருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர், கேத்தரின் மேடம். நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீரில் கரையாத சந்தனம் ஏது என்ற கேள்வி, கழுவித் துடைத்த ரஞ்சித்துக்கு வரவில்லை, உங்கள் நகத்துக்கு வந்தது. அடியில் நான்கு எண்ணும் பத்திரமாக இருந்திருக்கும்.

ஆமாம், நான்தான். என்ன டயர் என்று தெரிந்தே மாட்டினேன். எங்கே போகிறார் என்று தெரிந்தே அனுப்பினேன். மரவேலைக்கு வாங்கி வைத்திருந்த பசையை, நீர் பட்டால் விடாத ரகம், சந்தனத்தோடு சரிபாதி குழைத்து வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தனம் ஸ்ரீரங்கத்தில், கோயில் வாசல் கடையில் கேட்டு வாங்கிய அசல் சந்தனம். சாமி விஷயத்தில் நான் கலப்படம் செய்கிறவன் இல்லை.